அடைச்சிக்கோ

சுவரோரக் கட்டையைப் பெயர்த்த அன்று வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, சித்தப்பா, தரைப்பலகை விற்ற கடையின் முதலாளி, பலகையைப் பதித்துக் கொடுத்த ஈப்போக்காரர், பிறகு நான். தங்கை இல்லை. அவளுக்குப் பினாங்கில் வேலை, லீவு கிடைக்கவில்லை. இருந்திருக்க வேண்டிய இன்னொருவரும் இல்லை. நாங்கள் முன்பு குடியிருந்த தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் கணக்கு எழுதிய பழைய கிராணி. அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார். இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எங்கள் ஹாலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கட்டைக்குப் பின்னால் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியவர் அவர்தான்.

எல்லாம் அம்மாவின் காலில் தொடங்கியது. கல்யாணமாகி வந்த நாள் முதல் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஈரச் சரிவில், ரப்பர் பூட்ஸுக்குள், குளிர்ந்த தண்ணீரில் ஊறியபடியே காலம் முழுக்க நின்ற கால்கள். வேலையை விட்ட பிறகு விரல்கள் மரத்துப் போக ஆரம்பித்தன. காலைக் கீழே வைத்தால் வைத்தோமா என்பதே தெரியவில்லை என்பாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு பலவீனமாகிவிட்டது, சில்லிட்ட சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள் என்றார்.

அம்மா அவரிடம் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறியதும் என்னிடம் திரும்பினாள். "சாமி படம் இருக்குற ஹால்ல செருப்பு போட்டுக்கிட்டு நடக்கறதா? அந்த டாக்டர் பிள்ள நல்லாத்தான் பேசுது. ஆனா அது அவங்க வீட்ல நடக்கும்லா, நம்ம வீட்ல நடக்காது."

காலுறை வாங்கிக் கொடுத்தேன். வழுக்குகிறது என்றாள். வழுக்கத்தான் செய்தது. பாய் விரித்தேன். பாயின் ஓரத்தில் விரல் மாட்டி ஒருநாள் முழங்கால் தேய விழுந்தாள். தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டை விட்டு வந்து, கம்போங் ராஜா போகிற ரோட்டோரம் கடன் போட்டு வாங்கிய சின்ன வீடு இது. ஜன்னலைத் திறந்தால் எதிரே பழைய தோட்டத்தின் தேயிலை. இத்தனை வருஷம் அந்த மலையில் நின்றவள், தன் சொந்த ஹாலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதனால்தான் லேமினேட் பலகை. மரம் மாதிரி இருக்கும், சிமெண்டு போலச் சில்லிடாது, அடியில் மெல்லிய நுரை விரிப்பு வேறு. அம்மா செருப்பில்லாமல் நடக்கலாம். சாமிக்கும் டாக்டருக்கும் பொதுவான ஒரு ஏற்பாடு.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனேன். கடை முதலாளி நம்மவர்தான். ஒரு துண்டுப் பலகையை மேசையில் போட்டு, குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் போத்தலைச் சாய்த்து அதன்மேல் ஊற்றினார். பிறகு கைக்குட்டையால் துடைத்து அப்பாவிடம் நீட்டினார்.

"பாருங்க அங்கிள். இது மரமே இல்ல. மரந்தான் மழைக்குப் பெருக்கும். இது பெருக்காது. கேரண்டி."

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லைன் வீட்டில் எங்கள் வாசற்கதவு ஒவ்வொரு மழைக்காலமும் பெருத்துக்கொண்டு, தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும். அப்படிக் கதவோடு மல்லுக்கட்டியவருக்குப் பெருக்காத பலகை என்பது பெரிய விஷயம். "அப்ப இதையே போட்டுருவோம்யா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதனால் அச்சடித்த எது வீட்டுக்குள் வந்தாலும் அது என் தலையில்தான் விடியும். பலகைப் பெட்டிக்குள் இருந்த குறிப்புத் தாளை மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை படித்தேன். சுவரை ஒட்டிப் பலகை போடக் கூடாது, சுற்றிலும் இடைவெளி விட வேண்டும், ஈரத்தில் பலகை விரியும்போது அது நகர இடம் வேண்டும் என்று இரண்டு மொழியிலும் தெளிவாக இருந்தது. கடைக்காரர் பெருக்காது என்றாரே என்று ஒரு கணம் தோன்றியது. தாளில் இருப்பதை ஆள் சரியாகச் செய்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

பதிக்க வந்த ஈப்போக்காரர் சரியாகவே செய்தார். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சின்ன ஆப்புகளைச் செருகி, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஹாலைச் சுற்றி இடம் விட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஆப்புகளை உருவி எடுத்தபோது அப்பா கேட்டார்.

"எதுக்கு தம்பி செவத்தோரம் இவ்ளோ சந்து?"

"காத்துக்கு அங்கிள். காத்துக்கு எடம் விடணும். இல்லாட்டி தூக்கிரும்."

"காத்துக்கா?"

"ஆமா அங்கிள். கண்டிப்பா விடணும்."

அப்பா என்னைப் பார்த்தார். "காற்றுல இருக்குற ஈரப்பதத்துனால விரிவடையும்பா" என்றேன் நான். நான் பள்ளிக்கூடத் தமிழில் பேசினால் எப்படித் தலையாட்டுவாரோ அப்படித் தலையாட்டினார்.

அந்தச் சந்தை மறைக்கும் சுவரோரக் கட்டை ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் ஆள் வந்து அடிப்பார் என்று கடையில் சொன்னார்கள். சொன்னபடி வேறொருவர் வந்தார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சுற்றிலும் வெள்ளைக் கட்டையை அடித்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஹால் ஹோட்டல் மாதிரி இருந்தது.

அம்மா நடந்தாள். அதை எப்படிச் சொல்வது? ஒரு வேலையும் இல்லாமல், சும்மா, வாசலிலிருந்து சாமி படம் வரை, அங்கிருந்து வாசல் வரை. "கதகதன்னு இருக்குய்யா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்தால் அவளையும் செருப்பைக் கழற்றச் சொல்லி நடக்கவிட்டாள். சுவரைப் பிடிக்கிற பழக்கம் ஒரு மாதத்தில் தானாகவே விட்டுப்போயிற்று.

பிறகு மழை பிடித்தது. இங்கே மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. ஒருநாள் ஹாலின் நடுவில் கால் வைத்தபோது பலகை மெத்தென்று அமுங்கி எழுந்தது. அந்த வாரக் கடைசியில் கண்ணாலேயே தெரிந்தது. ஹாலின் நடுவே ஒரு முதுகு. பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, மூட்டு மூட்டாகக் கூரை போல எழும்பி நின்றன. காலில் உணர்ச்சியில்லாத ஒருத்தி நடப்பதற்கு அதைவிட மோசமான தரையை யாராலும் வேண்டுமென்று செய்ய முடியாது. அம்மாவுக்கு இரண்டு தடவை கால் தடுக்கியது. இரண்டாவது தடவை சாமி மேடையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடக்கிறாள்.

சித்தப்பா வந்து அந்த மேட்டின்மேல் ஏறி நின்று ஆடிப் பார்த்தார். "என்னடா இது, ஒட்டகம் வாங்கிட்டு வந்து படுக்கப் போட்டிருக்கியா?" என்றார். பிறகு அப்பாவிடம், "படிச்சவன் பேச்சக் கேட்டா இப்படித்தாண்ணே. சிமெண்டுன்னா சிமெண்டு. அது என்னைக்காவது எந்திரிச்சு நின்னுருக்கா?" அப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது என்னை இன்னும் சுட்டது.

கடைக்குப் போன் போட்டேன்.

"தண்ணி ஊத்துனீங்களா தம்பி?" முதலாளியின் முதல் கேள்வி.

"ஊத்தல. ஈரத்துணிகூடப் பிழிஞ்சுதான் அம்மா தொடைக்கிறாங்க."

"அட, தெரியும்லா தம்பி. எஸ்டேட் ஆளுங்க வெள்ளிக்கெழமையானா வாளி வாளியா ஊத்தித்தான் கழுவுவாங்க. பழக்கம் எங்க போவும்? இந்த மாதிரி சாமான்லாம் அதுக்கேத்த வீட்டுக்குத்தான் சரி வரும்."

காது கொதித்தது. அவர் அப்பாவும் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர் என்பது பிரிஞ்சாங்கில் எல்லோருக்கும் தெரியும். லைனை விட்டு ஒரு தலைமுறை முன்னால் இறங்கிவிட்டவருக்கு, பின்னால் இறங்குகிறவனைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ள எத்தனை சுலபமாக வருகிறது! அம்மா அந்தத் தரையை எப்படி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். கோலம்கூட வாசலுக்கு வெளியே சிமெண்டில்தான் போட்டாள். அவளைப் பார்த்தேயிராத ஒருவர் அவள் கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிட்டார்.

அன்றே கடையின் இணையப் பக்கத்தில் எழுதினேன். இடைவெளியை ஒழுங்காக விடாமல் பதித்திருக்கிறார்கள், அதனால் தரை எழும்பிவிட்டது, கேட்டால் வீட்டுப் பெண்களைப் பழிக்கிறார்கள் என்று, படங்களோடு. ஈப்போக்காரர் இடம் விட்டதை நானே பார்த்தவன். ஆனால் வீட்டுக்குள் வேறெந்தத் தவறும் என் கண்ணில் படவில்லை. கட்டை அடிக்க வந்த ஆள் பலகையைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டிருப்பான் என்று முடிவு கட்டினேன். நிறையப் பேர் பார்த்தார்கள். முதலாளியே போன் செய்தார். நேரில் வருகிறேன், பதித்தவனையும் கூட்டி வருகிறேன், கட்டையைப் பெயர்த்துப் பார்த்துவிடுவோம் என்றார். "யார் மேல தப்புன்னு தெரிஞ்சுரும்லா."

வந்தார்கள். ஈப்போக்காரர் தட்டையான இரும்பைக் கட்டைக்குப் பின்னால் செருகி நெம்பினார். அது விலகியது.

சந்து இல்லை. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கல் மாதிரி ஏதோ இறுகியிருந்தது. அவர் உளியால் தட்டினார். மேலே வெள்ளைச் சிமெண்டு. அதற்கடியில் சிமெண்டுச் சாக்கின் தாள், மாவுப் பசையில் நனைத்து, கயிறு போல முறுக்கி, நூல் பிடித்தாற்போல வரிசையாகத் திணிக்கப்பட்டிருந்தது. அடுத்த சுவரிலும் அப்படியே. வாசற்படியருகிலும் அப்படியே. அவ்வளவு சுத்தமான வேலை.

எனக்கு அந்த வேலையைத் தெரியும். அதற்குள்தான் நான் வளர்ந்தேன்.

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார். "அண்ணே, லைன் வீட்டை விட்டு வந்தும் நீ இன்னும் அடைக்கிறத விடலையா!"

அப்பா எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே அந்தத் தாள் முறுக்கைத் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் லைன் வீடு பலகைச் சுவர். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் விரல் போகும். மலைக் காற்று இரவில் அதன் வழியாக விசில் அடித்துக்கொண்டு வரும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. அப்பா ஆபீசுக்குப் போய் நாலு பலகை கேட்டாராம். கிராணி கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே, "காத்து வருதா? அடைச்சிக்கோ" என்றாராம். அடுத்த வருஷம் கூரைத் தகரம் ஓட்டை. அடைச்சிக்கோ. சமையற்கட்டுக்குள் எலி. அடைச்சிக்கோ. ஒரு தடவை சித்தப்பா கோபத்தில் குரலை உயர்த்தியபோது, அதே சொல்லைச் சித்தப்பாவின் வாயைக் காட்டிச் சொன்னாராம் கிராணி. இதை வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சின்ன வயதில் நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த ஆபீசில் பலகை இல்லையா? துரை பங்களாவின் தரை முழுக்கத் தேக்கு. வருஷா வருஷம் அதற்கு மெழுகு போட லைனிலிருந்துதான் ஆள் போவார்கள். அப்பாவே போயிருக்கிறார். அங்கே மெழுகு போட்டுவிட்டு வந்து, இங்கே காகிதத்தை முறுக்கிச் சுவரில் திணித்தார். எவ்வளவு நன்றாகத் திணித்தார் தெரியுமா? அடைத்து முடித்ததும் மெழுகுவத்தியைக் கொளுத்தி, சுவரோரமாகவே நடந்து பார்ப்பார். எங்கே சுடர் ஆடுகிறதோ அங்கே இன்னொரு முறுக்கு. குளிர் மாதத்தில் எங்கள் வீட்டில் மட்டும் சுடர் ஆடாது என்று லைன் முழுக்கப் பேர். ஒரு மனுஷன் தன் புத்தியையும் கையையும் வைத்து எதையெல்லாமோ செய்திருக்கலாம். முப்பது வருஷம் அடைக்க மட்டும் விட்டார்கள். இப்போது அந்த அடைப்பைப் பார்த்து ஒருவர் என் வீட்டில் நின்று சிரிக்கிறார்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. சித்தப்பா சிரிப்பை நிறுத்தினார்.

அப்பா ஈப்போக்காரரைப் பார்த்துச் சொன்னார். "நீதான தம்பி சொன்ன, காத்துக்கு எடம் விட்டிருக்கேன்னு. அன்னைக்கி ராத்திரி மெழுகுவத்திய வச்சுப் பாத்தேன். வாசப்பக்கம் சொடரு படுத்துருச்சு. அவ காலுக்குக் காத்து ஆகாதுன்னுதான இவ்ளோ செலவு பண்ணிப் போட்டது. காத்து வர்றதுக்கு நீயே வழி விட்டுட்டுப் போனா நான் என்னா பண்றது? கட்டை அடிக்க ஆளு வர்ற அன்னைக்கி, இவன் வேலைக்குப் போனதும் உக்காந்து அடைச்சேன்."

"ஐயோ அங்கிள்!" ஈப்போக்காரர் தலையில் கை வைத்தார். "காத்து உள்ள வர்றதுக்கு இல்ல. பலகை நகர்றதுக்கு. நாங்க சும்மா அப்படிச் சொல்லுவோம், காத்து விடுறதுன்னு."

"அப்ப நகர்றதுக்குன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்குக் காத்த இழுத்த?"

ஈப்போக்காரர் என்னைப் பார்த்தார். ஈரப்பதத்தால் விரிவடையும் என்று அன்றைக்கு நான் சொன்னதும் அப்பாவுக்குப் போய்ச் சேரவில்லை.

"சரி, தெரிஞ்சு போச்சுல்ல" என்றார் முதலாளி. "நீங்களே அடைச்சிருக்கீங்க. கேரண்டி போச்சு."

அப்பா அப்போதுதான் எழுந்தார். "ஒன்னு கேக்கறேன். பலகைன்னா மழைக்குப் பெருக்கும், அது எனக்குத் தெரியாதா? எத்தன வருசம் பெருத்த கதவ முட்டித் தொறந்தவன் நான். பெருக்கும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்தச் சந்துல ஒரு தாளு வச்சிருப்பனா? நீங்கதான் தண்ணிய ஊத்திக் காட்டுனீங்க. இது மரமில்ல, பெருக்காதுன்னு."

முதலாளி சுவரைப் பார்த்தார்.

பிறகு குரலை இறக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, விடுங்க. நம்ம ஆளுங்களுக்குள்ள எதுக்கு? புதுப் பலகை பாதி வெலைக்குத் தர்றேன். கூலி வேணாம். நீங்க அந்த எழுதுனத மட்டும் எடுத்துருங்க. போலே லா? சரிதான?"

"திருத்திடுறேன்" என்றேன். "இவர் சந்து சரியாத்தான் விட்டாரு, எங்க அப்பாதான் அடைச்சாருன்னு எழுதிடுறேன். பெருக்காதுன்னு நீங்க சொன்னதையும் எழுதுறேன். நாங்க தண்ணி ஊத்துனோம்னு நீங்க பழி போட்டதும் இருக்கும்."

"அதுக்கு எழுதாமலே இருக்கலாமே. மொத்தமா எடுத்தாத்தான் அந்த வெலை."

நான் அப்பாவைப் பார்த்தேன். எதுக்குய்யா வம்பு, எடுத்துரு என்பார் என்று எதிர்பார்த்தேன். இந்த வீட்டில் எந்த விஷயத்திலும் கடைசி வார்த்தை அதுவாகத்தான் இருந்திருக்கிறது. பணமும் எங்களிடம் அப்போது சுலபமாக இல்லை.

அம்மா சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாளி வாளியா ஊத்துனேன்னு சொன்னது நீங்களாங்க?" என்று கேட்டாள். கேள்வி ரொம்ப மரியாதையாகத்தான் இருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா காத்திருக்கவில்லை. "எம் பிள்ள எழுதுனது இருக்கட்டும். முழு வெலை என்னான்னு சொல்லுங்க."

அப்பா உள்ளே போய்ப் பணப்பையை எடுத்து வந்தார்.

முதுகு எழும்பிய பலகைகளைக் கழற்றிப் புதிது போட இரண்டு நாள் ஆயிற்று. சுற்றியிருந்த அடைப்பை அப்பாவே உளி வைத்துச் சுரண்டி எடுத்தார். ஒரு துணுக்குகூட விடவில்லை. ஈப்போக்காரர் வாசற்கதவின் அடியில் ஒரு ரப்பர் பட்டை வைத்துத் தந்தார். காற்று உண்மையில் வந்துகொண்டிருந்த வழி அதுதான். நான் எழுதியதைத் திருத்தினேன், அப்பா அடைத்ததையும் மறைக்காமல். சித்தப்பா இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தக் கதையை எடுப்பதில்லை. அம்மா நடக்கிறாள்.

முதலில் போட்டது, மறுபடி போட்டது, கூலி, சுவரோரக் கட்டை, ரப்பர் பட்டை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரிங்கிட்.